கடற்கரையில் கிடைக்கும் புதைபடிவச் சுறாப் பற்களை இனங்காண்பது எப்படி?

புயலுக்குப் பிந்தைய நாட்களில் மணலில் பொறுக்கிய ஐந்து கறுப்புப் பொருட்களின் தோற்றத்தை எழுதி, அவை சுறாப் பற்கள்தானா, புதைபடிவங்களா, எந்தச் சுறாவினுடையவை, எத்தனை ஆண்டு பழையவை என்று கேட்டிருக்கிறீர்கள். ரம்பம் போன்ற விளிம்புடைய ஒன்றரை சென்டிமீட்டர் முக்கோணம். வேர் பாதி உடைந்த, ஊசிபோல் மெலிந்த ஒன்று. ஒரு பக்கம் ஆழமான வெட்டுடன் மறுபக்கம் வளைந்த ஒன்று. நான்கு சென்டிமீட்டர் அளவுள்ள தடித்த உடைந்த துண்டு. அடியில் வரிவரியாகப் பள்ளங்கள் ஓடும் தட்டையான பட்டை. இவற்றுள் தடித்த துண்டு, அழிந்துபோன மாபெரும் சுறாவான மெகலோடானுடையதா என்பதுதான் உங்கள் முதன்மையான ஆவல் என்று புரிகிறது. அதற்கு நேராகப் பதில் சொல்வதைவிட, எந்த வரிசையில் பார்த்தால் அந்தப் பதிலுக்குப் போய்ச் சேரலாம் என்று சொல்வதே பயன்படும். ஏனெனில் பெரும்பாலான தவறான அடையாளங்கள், முதல் இரண்டு கேள்விகளைத் தாண்டிக் குதித்து நேராகப் பெயருக்குப் போவதால்தான் நேர்கின்றன.

முதல் கேள்வி, கையிலிருப்பது பல்லா என்பது. சுறாப் பல் இரண்டு வெவ்வேறு பொருட்களால் ஆனது. மேலே இருக்கும் மகுடத்தின் மீது கண்ணாடிபோல் மினுங்கும் எனாமல் போன்ற உறை உண்டு. கீழே இருக்கும் வேர் மங்கலாகவும், உருப்பெருக்கியில் பார்த்தால் நுண்துளைகளோடும் இருக்கும். இவ்விரண்டும் சேரும் இடத்தில் தெளிவான ஓர் எல்லைக்கோடு வளைந்து செல்லும். இந்த எல்லைதான் மிக நம்பகமான அடையாளம். கறுத்த சிப்பித் துண்டுகள், பாஸ்பேட் கூழாங்கற்கள், நண்டுக் கொடுக்கின் நுனிகள் ஆகியவை தொலைவிலிருந்து பார்க்கும்போது பல் போலவே தோன்றினாலும், அவற்றில் மினுக்கும் மங்கலும் சந்திக்கும் கோடு கிடையாது. சிப்பியை ஓரமாகப் பார்த்தால் அடுக்கடுக்கான வளர்ச்சி வரிகள் தெரியும்; நண்டுக் கொடுக்கு உள்ளே கூடாக இருக்கும்; கூழாங்கல் எல்லாப் பக்கமும் ஒரே பொருளாக இருக்கும். சீலா மீனின் பல் தட்டையாகவும் கூராகவும் இருப்பதால் சற்று ஏமாற்றக்கூடியது. ஆனால் சுறாப் பல்லுக்கு உரிய இரு கிளை வேர் அதில் இருக்காது. அடிப்பகுதி வெறுமனே முறிந்தது போல முடிந்துவிடும்.

உங்களுடைய ஐந்தாவது பொருளை இந்த இடத்திலேயே தீர்த்துவிடலாம். அடியில் சீப்பின் பற்களைப் போல இணையான பள்ளங்கள், மேலே வழவழப்பு, நீண்ட பட்டை வடிவம் என்பவை மூன்றும் சேர்ந்தால் அது திருக்கையின் பல்தட்டு. கழுகுத் திருக்கைகளும் அவற்றின் உறவினங்களும் நண்டு, சிப்பி போன்றவற்றை நொறுக்கித் தின்பதற்காக இத்தகைய பட்டைகளைத் தளம் பாவியதுபோல் அடுக்கி வைத்திருந்தன. சுறாப் பற்கள் கிடைக்கும் கடற்கரைகளில் இவையும் ஏராளமாகக் கிடைக்கும். சுறா அல்ல என்பதற்காகத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். திருக்கைகள் சுறாக்களின் நெருங்கிய உறவினர்கள், அவற்றின் தட்டும் புதைபடிவம்தான்.

இரண்டாவது கேள்வி, பல் புதைபடிவமா, இன்று வாழும் சுறா ஒன்று அண்மையில் உதிர்த்ததா என்பது. சுறாவின் எலும்புக்கூடு குருத்தெலும்பால் ஆனது. இறந்தபின் அது பெரும்பாலும் அழிந்துவிடும். பற்களோ வாழ்நாள் முழுவதும் வரிசை வரிசையாக முளைத்து முன்னே நகர்ந்து உதிர்ந்துகொண்டே இருக்கும். ஒரே சுறா ஆயிரக்கணக்கான பற்களைக் கடலடியில் விட்டுச் செல்லும். அவற்றின் உறை புளூரின் கலந்த அப்படைட் என்னும் கனிமத்தால் ஆனதால், தொடக்கத்திலிருந்தே கரையாமல் தாக்குப்பிடிக்கும் தன்மை அதற்கு உண்டு. சேற்றில் புதைந்த பல்லின் நுண்துளைகளில் சுற்றியுள்ள நீரிலிருந்து கனிமங்கள் ஊறி நிரம்புகின்றன. அப்போது நிறமும் எடையும் மாறுகின்றன.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். கறுப்பு நிறம் பழமையின் அளவுகோல் அன்று. பல் எந்தச் சேற்றில் கிடந்தது என்பதற்கே அது சான்று. பாஸ்பேட் நிறைந்த அல்லது உயிர்வளி குறைந்து இரும்புச் சேர்மங்கள் மிகுந்த படிவில் கிடந்த பல் கறுக்கும். இரும்பு துருவேறிய மணலில் கிடந்தது பழுப்பாகவோ செம்மஞ்சளாகவோ மாறும். மொராக்கோவின் கூரிப்கா பகுதிப் பாஸ்பேட் சுரங்கங்களிலிருந்து வரும், ஓட்டோடஸ் என்னும் அழிந்த சுறாவின் பற்கள் ஐந்து கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. ஆனால் அவற்றின் மகுடம் இளமஞ்சளாகவும் வேர் வெளிர் நிறமாகவும்தான் இருக்கும். புளோரிடா கடற்கரையில் கிடைக்கும் கன்னங்கரிய பல் ஒன்று அதைவிடக் கோடிக்கணக்கான ஆண்டுகள் இளையதாக இருக்கலாம். ஆகவே வெளிர்நிறப் பல் என்றாலே புதியது என்றும் முடிவு கட்டக் கூடாது.

நிறத்தைத் தாண்டிப் பார்க்க வேண்டியவை வேறு சில. இன்றைய பல் வெண்மையாக, விளிம்பில் ஒளி ஊடுருவுவதாக, கையில் வைத்தால் எடையே இல்லாததுபோல் இருக்கும். அதன் வேர் எலும்பைப்போல் வெளுத்திருக்கும். கனிமம் ஏறிய பல் அதே அளவுள்ள புதிய பல்லைவிட எடை கூடியிருக்கும். கண்ணாடித் தட்டில் மெல்லப் போட்டால் பீங்கான் துண்டு விழுந்தது போன்ற ஒலி எழும். உடைந்த பல்லாக இருந்தால் இன்னும் நல்லது: உடைப்பின் உட்பகுதியிலும் வேரின் ஆழத்திலும் நிறம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மேற்பரப்பில் மட்டும் கறை படிந்திருந்தால் ஐயப்பட வேண்டும். உள்ளே வரை நிறம் ஊறியிருந்தால் அது புதைபடிவமே என்று பெரும்பாலும் கொள்ளலாம். சூடேற்றிய ஊசியால் குத்தி, முடி கருகும் வாடை வருகிறதா என்று பார்க்கும் பழக்கம் ஒன்று உண்டு. புதிய பல்லில் மிஞ்சியிருக்கும் புரதம் கருகும் என்பது உண்மைதான். ஆனாலும் பல்லைக் கெடுத்து ஒரு செய்தியைப் பெறுவதை நான் ஏற்பதில்லை; மேற்சொன்ன அடையாளங்களே போதும். வினிகரில் ஊறவைப்பது அதைவிடப் பெரிய தவறு. அமிலம் சுற்றியுள்ள சுண்ணாம்பை மட்டுமல்லாமல் பல்லின் கால்சியம் பாஸ்பேட்டையும் அரித்து, அடையாளம் காண உதவும் நுண்ணிய விளிம்பையே முதலில் அழித்துவிடும்.

இவ்விரண்டும் உறுதியான பிறகே, யாருடைய பல் என்ற கேள்விக்கு வர வேண்டும். பல்லைக் கையில் எடுத்து அதன் இரு முகங்களையும் வேறுபடுத்துங்கள். பெரும்பாலான சுறாப் பற்களில் தட்டையான முகம் வெளியே உதட்டைப் பார்த்திருக்கும். புடைத்த முகம் உள்ளே நாக்கைப் பார்த்திருக்கும். நுனி சாய்ந்திருந்தால் அது தாடையின் கோடியை நோக்கிச் சாயும். நாக்குப் பக்க வேரின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு பள்ளம் இருக்கிறதா, வேரின் கிளைகள் விரிந்து கிடக்கின்றனவா அல்லது நெருங்கி நிற்கின்றனவா, மகுடத்தின் இருபுறமும் சின்னஞ்சிறு பக்கமுனைகள் உண்டா, விளிம்பு வழவழப்பா அல்லது ரம்ப வெட்டுடையதா, அந்த வெட்டு நுனிவரை போகிறதா என்பவற்றை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். புதியவர்கள் மகுடத்தின் வடிவத்தை மட்டுமே பார்ப்பார்கள். பழகியவர்கள் முதலில் வேரைப் பார்ப்பார்கள். முக்கோண மகுடம் பல சுறாக்களுக்குப் பொது. வேர் அவ்வளவு எளிதில் ஒத்துப்போவதில்லை.

இன்னொரு சிக்கலையும் மனத்தில் வைக்க வேண்டும். ஒரே சுறாவின் வாயில் எல்லாப் பற்களும் ஒரே வடிவத்தில் இருப்பதில்லை. மேல்தாடைப் பல் அகன்ற முக்கோணமாகவும், கீழ்த்தாடைப் பல் குறுகி நிமிர்ந்ததாகவும், தாடைக் கோடியில் உள்ளது குட்டையாகச் சாய்ந்ததாகவும் இருக்கக்கூடும். தனித்தனியாகப் பார்த்தால் மூன்று வெவ்வேறு சுறாக்கள் என்றே தோன்றும். அதனால்தான் படத்தில் உள்ள ஒற்றைப் பல்லோடு ஒப்பிடுவதைவிட, முழுத் தாடையின் படத்தோடு ஒப்பிடுவது நல்லது. இது புதிய வழியன்று. 1666 இல் இத்தாலியின் லிவோர்னோ அருகே பிடிபட்ட பெருஞ்சுறா ஒன்றின் தலையை அறுத்து ஆராய்ந்த டென்மார்க் உடற்கூறியலாளர் நிக்கொலாஸ் ஸ்டெனோ, பாறைகளில் கிடைத்துவந்த 'நாக்குக் கற்கள்' சுறாப் பற்களே என்று 1667 இல் எழுதியதும் இந்த ஒப்பீட்டைக் கொண்டுதான்.

கடற்கரைப் பற்களுக்கே உரிய தொல்லை தேய்மானம். அலையும் மணலும் உருட்டிய பல்லில் வேரின் கிளைகள் மழுங்கும், பக்கமுனைகள் ஒடியும், ரம்ப வெட்டு முற்றிலும் அழிந்து விளிம்பு வழவழப்பாகிவிடும். அப்படிப்பட்ட பல்லை 'வழவழப்பான விளிம்புடையது' என்று எழுதி, வழவழப்பான விளிம்புடைய சுறாக்களின் பட்டியலில் தேடினால் கண்டிப்பாகத் தவறான பெயரில்தான் போய் நிற்பீர்கள். ஒளியைச் சாய்வாக விழவிட்டு, மகுடம் வேரோடு சேரும் மூலையில் பத்து மடங்கு உருப்பெருக்கியால் பாருங்கள். அலையின் உராய்வு எளிதில் எட்டாத அந்த மூலையில் மட்டும் இரண்டு மூன்று வெட்டுகள் தப்பிப் பிழைத்திருக்கும். நுனி ஒடிந்திருந்தால் அந்த உடைப்பின் ஓரங்களையும் கவனியுங்கள். ஓரம் மழுங்கி, மற்ற பகுதியின் நிறமே ஏறியிருந்தால் அது பழைய உடைப்பு. இரையின் எலும்பைக் கடித்தபோதே நுனி சிதைந்திருக்கவும் கூடும். ஓரம் கூராக, உள்நிறம் வெளிறித் தெரிந்தால் அது அண்மையில் நேர்ந்தது.

இப்போது உங்கள் பற்களுக்கு வருகிறேன். ஒன்றரை சென்டிமீட்டர் முக்கோணம், நுண்ணிய ரம்ப வெட்டு, சற்றே சாய்ந்த நுனி, கிடைமட்டமாக நீண்ட வேர் என்ற விவரிப்பு கார்கரைனஸ் பேரினத்தின் மேல்தாடைப் பல்லுக்குப் பொருந்துகிறது. காளைச் சுறாவும் அதன் உறவினங்களும் அடங்கிய இந்தப் பேரினத்தில் இன்று மட்டுமே முப்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றின் மேல்தாடைப் பற்கள் ஒன்றுக்கொன்று நூலிழை வேறுபாட்டில் நிற்பவை. கீழ்த்தாடைப் பற்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தேய்ந்த ஒற்றைப் பல்லைப் பார்த்து 'இது காளைச் சுறாதான்' என்று யாராவது உறுதியாகச் சொன்னால், அந்த உறுதியைச் சற்றுத் தள்ளி வைத்துப் பாருங்கள். பேரினத்தோடு நிறுத்திக்கொள்வது அறியாமை அல்ல. சான்று அவ்வளவுதான் இடம் கொடுக்கிறது. எலுமிச்சைச் சுறாவின் பல்லும் இதே அளவில் கிடைக்கும். ஆனால் அதன் மகுடம் குறுகி நிமிர்ந்து, வேர் இருபுறமும் நீண்டு, ஆங்கில எழுத்து 'T'யைத் தலைகீழாக வைத்ததுபோல் இருக்கும். மகுடத்தின் விளிம்பில் வெட்டு இருக்காது. கொம்பன் சுறாவின் பல்லில் வேரின் நடுப்பள்ளம் ஆழமாகத் தெரியும்.

ஒரு பக்கம் ஆழமான வெட்டோடு மறுபக்கம் வில்லாக வளைந்த மூன்றாவது பல், புலிச்சுறாப் பேரினமான கேலியோசெர்டோவைச் சேர்ந்தது என்பதில் எனக்குப் பெரிதாக ஐயமில்லை. இந்தச் சுறாவின் மேல், கீழ்த் தாடைப் பற்கள் ஏறக்குறைய ஒரே வடிவத்தில் இருப்பதால் அடையாளம் எளிது. இன்றைய புலிச்சுறாவின் பல்லில் பெரிய வெட்டுகளின் மேலேயே மிகச் சிறிய வெட்டுகள் இருக்கும். மயோசீன் காலத்து (சுமார் 2.3 கோடி முதல் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய) கேலியோசெர்டோ அடங்கஸ் சிறியது, அதன் வெட்டுகளும் எளியவை. அதே காலத்துப் படிவுகளில், மகுடம் மெலிந்து முறுக்கிக்கொண்ட ஒரு பல்லும் கிடைக்கும். முன்பு புலிச்சுறா என்றே பெயரிடப்பட்டிருந்த அது இப்போது பைசோகேலியஸ் என்ற வேறு பேரினத்தில் வைக்கப்பட்டுள்ளது. உங்களுடையதில் முறுக்கு இருக்கிறதா என்று ஒருமுறை நுனிக்கு நேரே பிடித்துப் பாருங்கள்.

இந்த வகைப் பற்களோடு குழப்பிக்கொள்ளப்படுவதும், நான் மிக விரும்பிப் பார்ப்பதுமான ஒன்று, ஹெமிப்ரிஸ்டிஸ் செர்ரா என்னும் அழிந்த சுறாவின் பல். இந்தச் சுறாவின் மேல்தாடைப் பல்லை உருப்பெருக்கியின் கீழ் வைத்தால், நுனி சாயும் பக்கத்து விளிம்பில் வேரிலிருந்து மேலேறும் வெட்டுகள் ஒவ்வொன்றும் முன்னதைவிடப் பெரிதாகிக்கொண்டே போய், நுனிக்குச் சில மில்லிமீட்டர் முன்னால் சட்டென்று நின்றுவிடும். அதற்கு மேல் வழவழப்பான கத்தி முனை மட்டும் இருக்கும். எதிர் விளிம்பில் வெட்டுகள் சிறியவை. நாக்குப் பக்க வேர் நடுவில் திரண்டு புடைத்து, அதைப் பிளப்பதுபோல் ஒரு பள்ளம் ஓடும். இவ்வளவு தெளிவான அடையாளங்கள் வேறெந்தப் பல்லிலும் ஒருங்கே அமைவதில்லை. ஆனால் இதே சுறாவின் கீழ்த்தாடை முன்பற்கள் ஊசிபோல் மெலிந்து, அடியில் மட்டும் ஓரிரு குறு முனைகளோடு இருப்பதால், மணற்புலிச் சுறாவின் பல் என்று எளிதில் எண்ணிவிடலாம். ஆகவே உங்கள் இரண்டாவது பல்லை, வேர் பாதி உடைந்த அந்த ஊசிப் பல்லை, உடனே மணற்புலிச் சுறா என்று நான் சொல்லத் தயங்குகிறேன். மகுடத்தின் அடியில் பக்கமுனை ஒடிந்த தழும்பு ஒன்றாவது இருந்து, வேரில் நடுப்பள்ளமும் தெரிந்தால் மணற்புலி வகை. பக்கமுனைக்கான தடமே இல்லாமல், வேரில் பள்ளமும் இல்லாமல், மகுடம் சற்றுத் தடித்து வளைந்திருந்தால் மேக்கோ சுறாவின் முன்பல். நாக்குப் பக்க மகுடத்தில் நெடுக்காக மயிரிழை வரிகள் ஓடினால் அது இயோசீன் காலத்து (சுமார் 5.6 கோடி முதல் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய) ஸ்ட்ரையடோலேமியா என்னும் சுறாவினுடையதாக இருக்கலாம். அப்படியானால் உங்கள் கடற்கரையின் வயது பற்றியே நாம் வேறு விதமாக எண்ண வேண்டிவரும்.

தடித்த துண்டு பற்றி. மெகலோடான் என்று சொல்லப்படும் ஓட்டோடஸ் மெகலோடானின் மிகப் பெரிய பற்கள், நுனியிலிருந்து வேரின் நீண்ட கிளை வரை சாய்வாக அளந்தால் ஏறக்குறைய 18 சென்டிமீட்டர் வரும். இதனால் பெரிய பல் என்றால் மெகலோடான், சிறிய பல் என்றால் வேறு என்று ஒரு கருத்து நிலவுகிறது. இதன் இரு பாதிகளும் தவறு. மெகலோடானின் குட்டிகளுக்கும் பற்கள் இருந்தன. தாடைக் கோடியில் உள்ளவை வளர்ந்த சுறாவிலும் சிறியவையே. மறுபுறம், ஐந்து ஆறு சென்டிமீட்டர் பல் பெரிய வெள்ளைச் சுறாவுடையதாகவோ அதன் வழவழப்பான விளிம்புடைய முன்னோரான கார்கரோடான் ஹஸ்டாலிஸுடையதாகவோ இருக்கலாம். பல்லின் ஓர் அங்குலத்திற்குச் சுறாவின் நீளம் பத்து அடி என்னும் வாய்பாடும் அப்படித்தான்: பல் தாடையில் எங்கே இருந்தது என்று தெரியாதபோது அந்தக் கணக்கு வெறும் விளையாட்டு.

அளவை விட்டுவிட்டு மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று, நாக்குப் பக்கத்தில் மகுடத்திற்கும் வேருக்கும் நடுவே, இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்ட பட்டை ஒன்று வளைந்து கிடக்கிறதா என்பது. பூர்லெட் எனப்படும் இந்தப் பட்டை மெகலோடான் பற்களில் அகலமாகத் தெரியும். பெரிய வெள்ளைச் சுறாவில் அப்படி இருக்காது. தேய்ந்த பல்லில் பட்டையின் மெல்லிய உறை உரிந்துபோய், நிறம் மாறிய தடம் மட்டுமே எஞ்சியிருக்கலாம், அதுவும் சான்றுதான். இரண்டு, ரம்ப வெட்டு. மெகலோடானில் அது நுண்மையாக, வேரிலிருந்து நுனிவரை ஒரே சீராக ஓடும். பெரிய வெள்ளைச் சுறாவில் பெரிதும் சிறிதுமாக, ஒழுங்கற்றுக் கரடுமுரடாக இருக்கும். மூன்று, குறுக்குத் தடிமன். மெகலோடான் பல் கனத்தது. வேர் பருத்து, உள்பக்கம் புடைத்திருக்கும். வெள்ளைச் சுறாவின் பல் அதே அகலத்திலும் தட்டையானது. உங்கள் துண்டு தடித்தது என்று எழுதியிருப்பது மெகலோடானுக்குச் சாதகமான குறிப்பு. ஆனால் வேர் முழுமையாக இல்லை என்றும், விளிம்பு வழவழப்பு என்றும் சேர்த்தே எழுதியிருக்கிறீர்கள். அந்த வழவழப்பு தேய்மானத்தாலா, இயல்பாலா என்பதில்தான் விடை இருக்கிறது. மூலையில் நான் சொன்னபடி சீரான நுண்வெட்டு சிறிதளவு கண்ணில் பட்டு, பட்டையின் தடமும் தெரிந்தால், மெகலோடான் என்று எழுதிவிடுங்கள். வெட்டே இல்லாமல், பட்டையும் இல்லாமல், துண்டு தட்டையாகத் தோன்றினால் ஹஸ்டாலிஸ் என்பதே ஏற்ற விடை. மகுடத்தின் மினுக்கே எங்கும் காணப்படாவிட்டால், அது பல்லே அல்லாமல் தேய்ந்த திமிங்கில எலும்பாக இருக்கவும் வாய்ப்புண்டு.

பழைய கையேடுகளில் இதே பல் கார்கரோடான் மெகலோடான் என்றும் கார்கரோகிளிஸ் மெகலோடான் என்றும் அச்சிடப்பட்டிருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். அது பெரிய வெள்ளைச் சுறாவின் மூதாதை என்று முன்பு கருதப்பட்டது. இன்று இரண்டும் வெவ்வேறு வழித்தோன்றல்கள் என்பதே பெரும்பான்மைக் கருத்து. இந்த இரு வழிகளும் பல்லைக் கொண்டே காலத்தை ஊகிக்க உதவுவது ஒரு நல்வாய்ப்பு. ஓட்டோடஸ் வழியில், இயோசீனுக்கு முந்தைய பேலியோசீனிலும் தொடக்க இயோசீனிலும் வாழ்ந்த ஒப்ளிகஸ் என்ற இனத்துக்கு விளிம்பு வழவழப்பு, பக்கமுனைகள் பெரியவை. பிந்திய இயோசீனின் ஆரிகுலேட்டஸில் ரம்ப வெட்டு தோன்றிவிடுகிறது. இயோசீனுக்கும் மயோசீனுக்கும் இடைப்பட்ட ஒலிகோசீனின் அங்குஸ்டிடன்ஸிலும் பக்கமுனைகள் நீடிக்கின்றன. மயோசீனின் சூபுடென்சிஸில் அவை மங்கி, மெகலோடானில் மறைகின்றன. மெகலோடான் ஏறத்தாழ 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அழிந்தது. வெள்ளைச் சுறாவின் வழியில், வழவழப்பான ஹஸ்டாலிஸுக்கும் முழு வெட்டுடைய இன்றைய சுறாவுக்கும் இடையே அரைகுறை வெட்டுடைய ஹபெல்லி என்ற இனம் பெருவின் பிஸ்கோ படிவுகளிலிருந்து 2012 இல் விவரிக்கப்பட்டது.

ஆனால் கடற்கரையில் கிடைத்த பல்லுக்கு இதைத் தாண்டி வயது சொல்வது கடினம். நீங்கள் எந்தக் கடற்கரை என்று எழுதாததால் இன்னும் கடினம். பல் கிடந்த இடம் அது புதைந்த இடமல்ல. அலைகள் கரையோரக் குன்றிலிருந்தோ கடலடிப் படிவிலிருந்தோ அதைப் பெயர்த்துக் கொண்டுவந்து போட்டிருக்கின்றன. கடற்கரையை அகலப்படுத்த ஆழத்திலிருந்து உறிஞ்சிக் கொட்டிய மணலோடும் வந்திருக்கலாம். இங்கிலாந்தின் வால்டன்-ஆன்-த-நேஸ் குன்றில், சுமார் ஐந்து கோடி ஆண்டு பழைய லண்டன் களிமண்ணுக்கு நேர் மேலே, சுமார் 25 லட்சம் ஆண்டு பழைய ரெட் கிராக் மணல் படிந்திருக்கிறது. இரண்டும் சரிந்து ஒரே கரையில் கலப்பதால், கைக்கெட்டும் தொலைவில் கிடக்கும் இரு பற்களுக்கு நடுவே நான்கு கோடிக்கும் மேற்பட்ட ஆண்டுகள் இருக்கக்கூடும். அமெரிக்காவின் மேரிலாந்தில் உள்ள கால்வர்ட் குன்றுகளில் நிலைமை எளிது; அங்குள்ள படிவுகள் ஏறக்குறைய முழுவதும் மயோசீன் காலத்தவை, தோராயமாக ஒரு கோடி முதல் இரண்டு கோடி ஆண்டு வரை பழையவை. எனவே முதலில் அந்தப் பகுதியின் நிலவியல் வரைபடத்தைத் தேடி, கரையில் வெளிப்படும் படிவுகள் எவை என்று பாருங்கள். கார்பன் ஆய்வுக்குக் கொடுக்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. அந்த முறை சுமார் 50,000 ஆண்டுகளுக்கு மேல் பயன்படாது, பணம்தான் வீண்.

சுத்தம் செய்வதற்கு நன்னீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும். சில நாட்கள் நீரை மாற்றி மாற்றி ஊறவைத்தால் துளைகளில் உள்ள உப்பு வெளியேறிவிடும். இல்லாவிட்டால் காயும்போது உப்புப் படிகங்கள் வேரைப் பொடித்து உதிர்க்கும். பிளீச்சும் வார்னிஷும் வேண்டாம். பொடிந்து உதிரும் வேருக்கு மட்டும், அசிட்டோனில் கரைத்த பாரலாய்ட் பி-72 என்னும் பிசினை மெல்லியதாகப் பூசலாம். பொறுக்குவதற்கான விதிகள் இடத்துக்கு இடம் மாறும் என்பதையும் மறக்க வேண்டாம்: புளோரிடாவில் முதுகெலும்பிப் புதைபடிவங்களைச் சேகரிக்க அனுமதிச் சீட்டு தேவை, சுறாப் பற்களுக்கு மட்டும் விலக்கு, கால்வர்ட் குன்றுகள் பூங்காவில் கரையில் கிடப்பதை எடுக்கலாம், குன்றின் அடிவாரத்துக்குப் போகவோ தோண்டவோ கூடாது.

அருங்காட்சியகத்திலோ அனுபவமுள்ளவர்களிடமோ காட்ட எண்ணினால், ஒவ்வொரு பல்லையும் உதட்டுப் பக்கம், நாக்குப் பக்கம், பக்கவாட்டு என மூன்று முறை, மில்லிமீட்டர் அளவுகோலை அருகில் வைத்து, நிழல் விழாத பரவலான ஒளியில் படமெடுங்கள். விளிம்புக்கும் வேருக்கும் நெருக்கப் படம் ஒவ்வொன்று தனியாக வேண்டும். கூடவே ஒரு சீட்டில் கிடைத்த நாள், கடற்கரை, அலை எட்டும் கோட்டுக்கு மேலா கீழா, அருகே குன்று உண்டா என்பவற்றை எழுதி, பல்லோடு சேர்த்தே வையுங்கள். பெயர் எழுதும் வரியில் இப்போதைக்கு முதலாவதற்குக் கார்கரைனஸ் பேரினம், மேல்தாடை என்றும், மூன்றாவதற்குக் கேலியோசெர்டோ என்றும், ஐந்தாவதற்குத் திருக்கைப் பல்தட்டு என்றும் எழுதலாம். இரண்டாவதற்கும் நான்காவதற்கும் அந்த வரியைப் பென்சிலால் எழுதுங்கள். வேரின் நெருக்கப் படமும் விளிம்பு மூலையின் படமும் கிடைத்தால், இரண்டில் ஒன்றையாவது மையால் எழுத முடியும் என்று நினைக்கிறேன்.